ராயப்பன் செத்துப் போட்ட வரப்பு

முதல் தடவை சாகும்போது ராயப்பனுக்கு இடுப்பு வலிதான் இருந்தது, வேறு வியாதி எதுவும் இல்லை. ஆட்சி மாறிய வருஷத்து ஐப்பசி அது. விடிந்ததிலிருந்து நாற்றுக்கட்டு சுமந்து, சேற்றில் இறங்கி ஏறி, பொழுது உச்சிக்கு வந்தபோது இடுப்பு எலும்புக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவது போல இருந்தது. கூட வேலை செய்த வீரையனிடம், "கொஞ்சம் இடுப்பைச் சாச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் மல்லாந்தார். வீரையன் ஒரு வாய் வெற்றிலை போட்டு, மென்று, துப்பிவிட்டுக் கூப்பிட்டபோது ராயப்பன் செத்திருந்தார். முகம் நன்றாகத் தெளிந்து கிடந்தது. உயிர் போன நொடியே வலியும் போய்விட்டது என்று பிற்பாடு அவரே சொன்னதால், நாணல்குடியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வலங்கைமானுக்குக் கிழக்கே இருக்கும் நாணல்குடியில் சூசையப்பர் தெருக்காரர்கள் சாவது சுலபம், அடக்கமாவதுதான் கஷ்டம். தெரு மொத்தமும் பண்ணை வேலைக்காரர்கள், கிறிஸ்து வேதத்துக்காரர்கள். தெருவுக்கும் கல்லறை மேட்டுக்கும் நடுவில் பண்ணையார் குஞ்சிதபாதத்தின் எட்டு மா என்கிற வயல் கிடந்தது. அதன் குறுக்கே போகும் வரப்பு ஒரு ஆள் அடிமேல் அடி வைத்து நடக்கிற அகலம்தான், அதிலும் சூசையப்பர் தெருப் பிணம் போகக்கூடாது என்பது பண்ணையின் கட்டுப்பாடு. வயலைச் சுற்றிக்கொண்டு போகும் வாய்க்காலின் இரண்டு கரையும் பண்ணைக்குச் சொந்தம், தண்ணீர் மட்டும்தான் சர்க்காருடையது. ஆகையால் பிணங்கள் சர்க்கார் தண்ணீரில் போயின. நாலு பேர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, தூம்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தூம்பா என்பது வேதக்கோயிலில் இருக்கும் மூடியில்லாத மரப்பெட்டி. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சுரூபத்தைச் சுமக்கும், மற்ற நாளில் தெருவில் யார் செத்தாலும் சுமக்கும். ராயப்பனின் அப்பா மிக்கேல் செத்தபோது நடு வாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்க, பெட்டி சரிந்து, மிக்கேல் தண்ணீரோடு போய்விட்டார். மறுநாள் அடுத்த ஊர் மதகுப் பலகையில் ஆகாயத்தாமரைக்கு நடுவே கிடந்தவரைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ராயப்பன் பெண்டாட்டி அருளாயி கண்ணால் பார்த்த முதல் சாவு அதுதான்.

ராயப்பனுக்கும் அதே வழிதான் என்று இருந்தது. ஆனால் அந்த ஐப்பசியில் மேட்டூர்த் தண்ணீரும் மழையும் சேர்ந்து வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. தூம்பாவோடு போனவர்கள் காலை வைத்ததும் சுழல் இழுத்தது. நின்றுவிட்டார்கள். புறப்பட்ட பிணம் வீட்டுக்குத் திரும்பக்கூடாது. வேதமானாலும் அம்மனானாலும் இந்தப் பக்கத்தில் அதற்கு இரண்டாவது பேச்சு கிடையாது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த வீரையன் வேதத்துக்காரர் இல்லை. காளி கும்பிடுகிறவர், சிவப்புக்கொடி சங்கத்தில் தலைவர், ராயப்பனுக்குச் சிநேகிதர். "பின்னாலயும் போவ முடியாது, தண்ணியிலயும் போவ முடியாது. ஏறுங்கடா வரப்புல" என்றார். ஏறினார்கள். நாலு பேர் பாரம் தாங்காமல் வரப்பு உடைந்தது, முழங்கால் உயரப் பயிரை மிதித்துக்கொண்டு போனார்கள். பண்ணையாட்கள் தடியோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் தூம்பாவைப் பார்த்ததும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். போகிற பிணத்தை மறித்தால் மறித்தவன் வீட்டில் பிணம் விழும் என்று அவர்களைப் பெற்றவர்களும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அருளாயி வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது, தலையிலும் காதிலும் கல்லறை மண்ணோடு ராயப்பன் வந்து நின்றார்.

"பசிக்குது" என்றார்.

அருளாயி துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "எங்கய்யா போயிட்டு வர்ற?"

"நீங்கதான கொண்டுபோயி வச்சீங்க. என்னைக் கேட்டா?"

அவள் கிட்டே வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். பிறகு, "மண்ணை உதறிட்டு உள்ள வாய்யா, இப்பத்தான் கூட்டுனேன்" என்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன சோறு மிச்சமிருந்தது. கெளுத்தி மீன் சுட்டுக் கொடுத்தாள். கோயில் உபதேசியார் ஓடிவந்து, ஆண்டவரும் உயிர்த்தெழுந்த பிறகு சுட்ட மீன்தான் சாப்பிட்டார் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு, தானும் ஒரு கெளுத்தி வாங்கித் தின்றார். கல்லறையைப் போய்ப் பார்த்தார்கள். மேடு கலையவில்லை, நடுவில் மட்டும் ஆள் படுத்தெழுந்த பாய் மாதிரி லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. தெருவில் யாரும் பெரிதாக அதிர்ச்சியடையவில்லை. விதைநெல்லை ஊறவைத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே பாரம் ஏற்றி வைத்தால் மூன்றாம் நாள் முளைவிட்டு நிற்கிறது. நெல்லுக்கு நடப்பது ஆளுக்கு நடக்காதா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வேறு யாரும் இதற்கு முன் அப்படி வந்ததில்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, எல்லா நெல்லும் ஒரே நாளிலா முளைக்கிறது என்று அருளாயி பதில் சொன்னாள்.

பண்ணையார் குஞ்சிதபாதம் ஆளனுப்பினார். அவர் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் தன் வயலில் தன் சொல்லைத் தவிர வேறொன்றும் முளைக்கக்கூடாது என்று நினைக்கிறவர். "ஏண்டா, செத்தவன் செத்த எடத்துல கெடக்கத் தெரியாது? என் வரப்பை ஒடச்சிட்டு இப்ப எந்திரிச்சி வந்து நிக்கிற. யாரு கட்டுறது?" என்றார். உயிர்த்தெழுந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வரப்புதான் அவருக்குக் கவலை. "கட்டித் தர்றேங்க" என்றார் ராயப்பன். கட்டினார். உடைந்த வரப்பைப் பழைய அளவிலேயே கட்டினால் அடுத்த மழையில் கரைந்துவிடும். பக்கத்தில் ஒரு சாண் கூட்டி அணைத்துக் கட்டுவதுதான் மண்வெட்டி பிடித்தவர்கள் வழக்கம். அப்படித்தான் கட்டினார். பண்ணையார் வந்து பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுப் போனார்.

இதெல்லாம் அதோடு முடிந்திருக்கும், அருளாயிக்கு மட்டும் உடம்பு நன்றாக இருந்திருந்தால். அடுத்த மாசியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு, எத்தனை காலம் என்று சொல்ல முடியாது, சேற்றில் இறங்க வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அருளாயி, நீடாமங்கலம் தாண்டியதும் புருஷனைப் பார்த்தாள்.

"சாவுறதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்லய்யா. ஆனா என்னைத் தண்ணியில கொண்டுபோவக் கூடாது."

"ஏன் புள்ள?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார், அருளாயியும் சிரித்தாள், ராயப்பன் சிரிக்கவில்லை. மதகுப் பலகையில் கிடந்த அப்பாவின் கால் விரல்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. பெண்டாட்டி சாவதற்குள் எட்டு மாவின் குறுக்கே காய்ந்த தரையில் ஒரு பாதை வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு கிடையாது.

வீரையன் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டுவந்தார். மயானப் பாதை என்று எழுத வேண்டுமானால் வழக்கமாகப் பிணம் போகிற வழி என்று தெரிய வேண்டும், ஏதோ வெள்ளத்தில் ஒருதடவை போனது கணக்கில் வராது, பயிர் நிற்கிற எல்லாப் போகத்திலும் போயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "நம்ம சனம் சாவுறதுக்குக்கூட வெள்ளாமை பாத்து, அறுப்பு முடிஞ்சி கோடையிலதான் சாவுது. போகத்துக்கு ஒரு பொணத்துக்கு நான் எங்க போவேன்?" என்று தலையில் கைவைத்தார் வீரையன்.

ராயப்பன் பீடியைத் தட்டினார். "நான் வேணா போயிட்டு வரவா?"

"எங்க?"

"அதான், அங்க."

வீரையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்?"

"வரலன்னாலும் ஒரு பொணம் ஆச்சுல்ல."

சாவதற்கு ராயப்பனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. விஷமோ கயிறோ அவர் தொட்டதில்லை, அதெல்லாம் பாவம் என்று அவருக்குத் தெரியும். நாள் முழுக்கச் சுமப்பார், இடுப்பு வலி உச்சிக்கு ஏறும், வரப்பில் சாய்வார். மூட்டையை இறக்கி வைப்பது போல உடம்பு உயிரை இறக்கி வைத்துவிடும். இறக்குவது ஒன்றும் கஷ்டமில்லை, திரும்பத் தூக்கத்தான் தெம்பு வேண்டும் என்பார். அந்த ஆனியில் குறுவை நட்டபின் செத்தார், மூன்றாம் நாள் வந்தார். கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கையில் செத்தார், மூன்றாம் நாள் வந்தார். மெட்ராஸில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏ.டி.டி. இருபத்தேழு நெல் நன்றாகக் கண்டது, புகையான் பூச்சி விழவில்லை, ராயப்பன் இரண்டு தடவை செத்தார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது, பெண்கள் அழுதார்கள், வீரையன் முன்னால் தோள் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வரப்பு உடைந்தது. பண்ணையார் கூப்பிட்டுத் திட்டி, ராயப்பனைக் கட்டச் சொன்னார், ராயப்பனும் ஒரு சாண் கூட்டிக் கட்டினார்.

வலங்கைமான் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மதுவிடம்தான் தெருவுக்குக் கோடித்துணி எடுப்பது வழக்கம். வீரையன் படியேறியதும் அவர் எழுந்து நின்று, "யாருங்க தவறிட்டாங்க?" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ராயப்பன்தான் பாய்."

பக்கீர் முகம்மது மறுபடி உட்கார்ந்துவிட்டார். "போன தடவை கொடுத்த துணி என்னாச்சு?"

"தொவச்சி வேட்டியாக் கட்டிக்கிட்டுத் திரியிறாரு."

"அப்ப அதையே போத்துங்க. பழசா புதுசான்னு அங்க யாரு விரிச்சிப் பாக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டே, கேட்காமலேயே புதுத்துணி கிழித்துக் கொடுத்தார். சாவு வீட்டுக்குப் பழந்துணி கொடுத்த கடை என்று பெயர் வரக்கூடாது என்பது அவர் கொள்கை.

அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்காதவர்கள் கிடையாது. ராயப்பன் பேச்சுக்காரர் இல்லை. நாற்றங்கால் மாதிரி இருக்கிறது என்றார். எல்லோரும் நெருக்கமாக, பச்சைப்பசேலென்று, ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள், பிடுங்கி நடுகிற நாளுக்குக் காத்திருக்கிறார்கள், யாருக்கும் அவசரமில்லை, ஒரு பயலும் வேலை செய்யவில்லை. தன்னை மட்டும், வேலை பாக்கி இருக்கிறது போ என்று அனுப்பிவிடுகிறார்களாம். அருளாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமனாரைப் பாத்தியா? துணி காஞ்சிருக்கா அவருக்கு?"

"நல்லா காஞ்சிட்டாரு. சிரிக்கிறாரு."

அதைக் கேட்டபிறகு அவளுக்கு ஒரு வாரம் மூச்சு வாங்கவில்லை.

கோயில் சாமியாருக்குத்தான் சங்கடம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிது, அதையே ஜனங்களுக்குப் பழக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார், நடுவில் இது வேறு. சாவு தோற்றுப்போய்விட்டது, கொடுக்குப் பிடுங்கின தேள்தான் அது என்று அவர் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் பீடத்தைப் பார்க்காமல் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ராயப்பா, ஆண்டவரே ஒரு தடவைதான் உயிர்த்தார். நீ போகத்துக்கு ஒரு தடவை உயிர்க்கிறது மரியாதையா இல்ல." ராயப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நான் என்ன சாமி பண்றது, முழிப்பு வந்துருது" என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று சாமியார் யோசித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

அந்தச் சங்கடம் முற்றியது ஒரு பங்குனியில். சம்பா அறுத்த தாளில் உளுந்து நின்றது. உளுந்துப் போகம் ஒன்றுதான் இன்னும் பாக்கி. ராயப்பன் சரியாகப் பெரிய வெள்ளியன்று செத்தார். தூம்பாவில் ஆண்டவரின் சுரூபம் இருந்தது. இருவரில் யாரை இறக்குவது என்ற கேள்விக்கே இடமில்லை என்று சாமியார் கத்தினார். ஆகவே ராயப்பனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து உளுந்துக்கு நடுவே கொண்டுபோனார்கள். ஞாயிறு பிறக்கும் நேரம், வேதக்கோயிலில் ஜனங்கள் மெழுகுவத்தியோடு நெருக்கியடித்து நின்றார்கள். மூங்கிலும் காகிதமும் ஒட்டிச் செய்த கல்லறையிலிருந்து உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கயிறு இழுக்க மேலே கிளம்ப வேண்டும், வெடி வெடிக்க வேண்டும். வெடி வெடித்தது, சுரூபமும் கிளம்பியது, ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவு வழியாக ராயப்பன் தலையில் மண்ணோடு உள்ளே வந்து, தன் வழக்கமான தூண் பக்கத்தில் முழந்தாளிட்டார். சுரூபத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. கயிறு இழுத்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்ததில் சுரூபம் பாதியில் தொங்கியது. சாமியார் முகம் சிவந்து ராயப்பனைப் பார்த்தார். ராயப்பன் பயந்துபோய், "இடுப்பு அன்னைக்குத்தான் வலிச்சிது சாமி" என்றார். சாமியாருக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு வயிறு குலுங்கியது, கடைசியில் பீடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அந்த வருஷத்து அல்லேலூயா மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நாணல்குடியில் யாரும் பாடியதில்லை.

குஞ்சிதபாதம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காவல் போட்டார், காவலாட்கள் பிணத்தைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள். இவன் சாகவே இல்லை, நடிக்கிறான் என்று கும்பகோணத்திலிருந்து காரில் ஒரு டாக்டரைக் கூட்டிவந்து, தூம்பாவை வயலோரத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், ஆள் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ராயப்பன் கும்பகோணம் போய் அவர் வாசலில் நின்று, இடுப்பு வலிக்கு ஏதாவது களிம்பு கிடைக்குமா என்று கேட்டார். களிம்பு கிடைத்தது. டாக்டர் அதற்கப்புறம் நாணல்குடிப் பக்கம் எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. இதற்கு நடுவே கூலிக்காகக் கதிர் அரிவாளைக் கீழே வைத்த சண்டை ஒன்று நடந்தது, வீரையன் திருச்சி ஜெயிலுக்குப் போய் வந்தார், சூசையப்பர் தெருவில் பண்ணையாரை 'ஆண்டே' என்று கூப்பிடுவது நின்றுபோனது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. உயிரோடிருப்பவர்களுக்கு மனை கிடைத்துவிட்டது, செத்தவர்களுக்கு வழிதான் இன்னும் கிடைக்கவில்லை. அருளாயி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

கடைசியில், வீரையன் போட்ட மனுவுக்குத் தாசில்தார் இராஜாங்கம் ஜீப்பில் விசாரணைக்கு வந்தார். சூசையப்பர் தெரு முழுக்க ஒரு பக்கம், பண்ணையாட்கள் ஒரு பக்கம். தாசில்தார் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பு வழியே கல்லறை மேடுவரை போய், அதே வழியில் திரும்பி வந்தார். செருப்பில் சேறு ஒட்டவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று பண்ணையாரைக் கேட்டார்.

"பாதைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது சார். அவங்க காலங்காலமா வாய்க்கால்லதான் போறாங்க."

"அப்படியா. அப்ப மாட்டுவண்டி போற அகலத்துக்கு வரப்பு எதுக்குப் போட்டீங்க? நெல்லு வெளையிற எடமாச்சே."

குஞ்சிதபாதம் அப்போதுதான் தன் வரப்பைத் திரும்பிப் பார்த்தார். சாண் சாணாகப் பெருத்ததை அவர் அதுவரை கவனித்ததே இல்லை. தன் சொல்படி கட்டப்பட்ட எதுவும் தனக்கு எதிராக நிற்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது.

"நான் எங்க சார் போட்டேன்! குறுவையில மிதிச்சானுங்க, கட்டச் சொன்னேன். சம்பாவுல மிதிச்சானுங்க, கட்டச் சொன்னேன். உளுந்தைக்கூட விடல, அதுக்கும் கட்டச் சொன்னேன். வருசம் பூரா இந்த வழியா பொணந்தூக்கறதே இவனுங்களுக்குப் பொழப்பு!"

சொல்லி முடித்ததும் பண்ணையின் கணக்குப்பிள்ளை ஆகாயத்தைப் பார்த்தார். வீரையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு போகத்துலயும் போயிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நீங்களே வழியைச் சரிபண்ணச் சொல்லியிருக்கீங்க. அப்படித்தானே?" என்றார் தாசில்தார், மெதுவாக.

"ஆனா எல்லாம் ஒரே பொணம் சார்! அதோ நிக்கிறான் பாருங்க, அந்த ஆளுதான் எல்லாத் தடவையும்!"

எல்லோரும் திரும்பினார்கள். ராயப்பன் தாசில்தாருக்குக் கும்பிடு போட்டார். தாசில்தார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு ஆளு இத்தனை தடவைதான் சாவலாம்னு சட்டத்துல எங்கயும் இல்லைங்களே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்தது. எட்டு மாவின் குறுக்கே போகும் வரப்பு சர்க்கார் பாதை.

அருளாயி அதற்கு அடுத்த ஐப்பசிவரை இருந்தாள். வாய்க்கால் பழையபடி கரை தொட்டு ஓடிய ஒரு சாயங்காலம், புருஷனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"மூணாம் நாளு மீனைச் சுட்டு வச்சிக்கிட்டு வாசல்ல நிக்காத. நான் வரமாட்டேன்."

"ஏன் புள்ள?"

"வந்தா மறுபடி நடவுக்குக் கூப்புடுவாங்க. நான் நல்லாப் படுத்துக் கெடந்துட்டு, எல்லாரும் எந்திரிக்கிறப்ப அவங்களோட எந்திரிச்சிக்கிறேன். நீ இருந்து எல்லாத்தையும் முடிச்சிட்டு வா."

விடியும்போது போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது நல்ல மழை. எட்டு மாவில் பெய்தது, வாய்க்காலில் பெய்தது, பாதையில் பெய்யவில்லை. முன்னால் தோள் கொடுத்த ராயப்பனின் காலில் புழுதி ஒட்டியது. பண்ணைவீட்டு மாடியில் நின்ற குஞ்சிதபாதம் அதைப் பார்த்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தூம்பா மேட்டுக்கு ஏறும்வரை நின்றார். மூன்றாம் நாள் ராயப்பன் அவள் சொன்னதைக் கேட்காமல் மீன் சுட்டுவைத்துக்கொண்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். உச்சிவரை பார்த்தார். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேர் மீனையும் ஒருவராகத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ராயப்பன் சாகவில்லை. வேண்டாமென்று இல்லை. சுமந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், அருளாயி பக்கத்திலேயே துண்டு விரித்துப் படுத்தும் பார்த்தார். தூக்கம்தான் வந்தது. இடுப்பு வலி அவளை அடக்கம் செய்த அன்றே எங்கோ இறங்கிப் போயிருந்தது. பண்ணையார் கடைசிப் படுக்கையில் அவரைக் கூப்பிட்டனுப்பி, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, "ராயப்பா, வலிக்குமா?" என்று கேட்டார். "வலி இங்கதாங்க. அங்க ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, விடியும்வரை கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஆட்சி மாறி மாறி வந்தது. ஒரு கட்சி பாதைக்குக் கப்பி போட்டது, இன்னொரு கட்சி தார் போட்டது, இரண்டு கட்சியும் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி நட்டன. எட்டு மா பல கை மாறி, இப்போது சூசையப்பர் தெருக்காரர்களே அதில் பாதியை உழுகிறார்கள். வீரையன் போனார், பக்கீர் முகம்மது போனார், சிரித்த சாமியாரும் போனார். அவர்கள் எல்லோருக்கும் ராயப்பன் நடந்தே போய் மண் போட்டுவிட்டு வந்தார். இன்றைக்கு அவருக்கு என்ன வயது என்று ரேஷன் கடைக்காரருக்கும் தெரியாது. காலையில் தார் ரோட்டில் நடக்கிறார், டீ குடிக்கிறார், நாலு பேரைக் கிண்டல் செய்கிறார்.

இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, சின்ன மனத்தாங்கல் மட்டும் உண்டு. சாவுக்குச் சாவு செய்வதுதான் நாணல்குடியின் முறை. ராயப்பனுக்காக இந்த ஊர் மணி அடித்திருக்கிறது, குழி வெட்டியிருக்கிறது, தொண்டை கட்ட அழுதிருக்கிறது, துக்கச்சோறு பொங்கிப் போட்டிருக்கிறது, அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இத்தனைக்கும் அவர் பதிலுக்குக் கொடுத்தது எதுவும் நிலைக்கவில்லை, கொடுத்ததையெல்லாம் மூன்றாம் நாள் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். டீக்கடையில் யாராவது இதைச் சொல்லிக் காட்டினால் ராயப்பன் மறுப்பதில்லை, தலையைச் சொறிந்துகொண்டு, "குடுத்துருவேன், எங்க போயிடப்போறேன்" என்கிறார். ஊருக்கு அவர் இன்னும் ஒரு சாவு தரவேண்டும்.